ஆள் கீழே இருக்கையில்

பல வருடங்களாக நான் செய்த வேலையை ஒரு வரியில் சொல்வதென்றால், எஞ்சினை அணைக்கிற வேலை. சென்னைக்கு வெளியே ஒரு கார் கம்பெனியின் எஞ்சின் பிரிவில் இருந்தேன். சிக்னலில் கார் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, கிளட்ச்சை மிதித்ததும் தானாகக் கிளம்புகிற ஏற்பாடு இப்போது நிறைய வண்டிகளில் இருக்கிறது. எப்போது அணையலாம், எப்போது அணையக்கூடாது, ஏசி ஓடினால் என்ன செய்வது, பேட்டரி சோர்ந்திருந்தால் என்ன செய்வது, மறுபடி கிளம்பும்போது உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் தெரியாமல் எப்படிக் கிளப்புவது என்பதையெல்லாம் எஞ்சினை ஆளுகிற கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. எரிபொருள் மிச்சம், புகை குறைவு என்று விளம்பரத்தில் போடுவார்கள். வண்டியை வாங்கியவர்களோ, ஏறி உட்கார்ந்ததும் அந்த வசதியை வேண்டாமென்று வைக்கிற பொத்தான் எங்கே என்று தேடுவார்கள். அந்தப் பொத்தானை வைத்ததும் நாங்கள்தான்.

ஊரில் யாரிடமும் இதை விளக்கிச் சொன்னதில்லை. கார் கம்பெனியில் எஞ்சினியர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். நான் பிறந்தது தூத்துக்குடியில், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற வீட்டில். எஞ்சினை அணைக்கிற பேச்சை எங்கள் தெருவில் விளையாட்டுக்குக்கூட எடுக்க மாட்டார்கள்.

வள்ளத்தில் ஒரு டீசல் எஞ்சின் இருக்கும். கரையிலிருந்து வள்ளத்தைக் கொண்டுபோவது அதுதான். இடம் பார்த்து நங்கூரம் போட்டபின் பெல்ட்டை மாற்றி மாட்டினால், அதே எஞ்சின் கம்ப்ரசரை ஓட்டும். கம்ப்ரசர் காற்றை இழுத்து ஒரு டேங்கில் அடைக்கும். டேங்கிலிருந்து நீளமான ரப்பர் ஓஸ் ஒன்று போகும். அதன் முனையை வாயில் கடித்துக்கொண்டு குளியாள் சிலுவை போட்டுக்கொண்டு குதிப்பார். கடலடி மணலில் புதைந்து கிடக்கிற சங்குகளைத் தடவி எடுத்து வலைப்பையில் போட்டுக்கொண்டு அவர் நகர நகர, மேலே ஒருவர் ஓஸை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் எஞ்சின் பக்கத்திலேயே இருப்பார். அவரை டிரைவர் என்போம். சாப்பிடுவதும் பீடி குடிப்பதும் அங்கேயே. அவர் காதுக்கு வேறு வேலை கிடையாது.

கீழே இருப்பவருக்கும் அந்தச் சத்தம் கேட்கும். காதில் கேட்பதைவிட நெஞ்செலும்பில் கேட்கும் என்பான் என் அண்ணன். அவன் எங்கள் வீட்டுக் குளியாள். நான் படிக்கப் போனேன், அவன் கடலுக்குப் போனான். எட்டுப் பாகம், பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழத்தில் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாத கலங்கலில், மேலே ஆட்கள் இருக்கிறார்கள், நம்மை மறந்துவிடவில்லை என்பதற்கு அவனுக்கு இருந்த அத்தாட்சி அந்தச் சத்தம் ஒன்றுதான்.

ஆள் கீழே இருக்கையில் எஞ்சினை அணைக்கக்கூடாது. கடலில் பிறந்த இந்த விதி எங்கள் ஆட்களோடு கரைக்கும் ஏறி வந்துவிட்டது. கல்யாண வேனிலிருந்து யாராவது பூ வாங்க இறங்கினால், அவர் திரும்பி வருகிறவரை வேன் எஞ்சின் ஓடும். மதினி மருந்துக்கடைக்குள் போனால், அண்ணன் வெளியே பைக்கை முறுக்கிக்கொண்டே நிற்பான். கடைக்காரர் புகையை விசிறிக்கொண்டு, "அண்ணாச்சி, வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றால், "ஆள் உள்ள இருக்கில்லா" என்று பதில் சொல்வான். அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்கிற முகத்தோடு சொல்வான். வெளியூர் ஆட்டோக்காரர் ஒருவர், எங்கள் தெருக்காரரை ஏடிஎம் முன்னால் இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்ததற்காக வாங்கிக்கட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். பாவம், என்ன தப்பு செய்தோம் என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

இப்படிப்பட்ட தெருவிலிருந்து போய்த்தான் நான் எஞ்சினை அணைக்கிற வேலையில் சேர்ந்தேன். அதில் எனக்கு உறுத்தல் ஒன்றும் இருக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினானாலும் டீசல் எஞ்சினானாலும் அதற்கு ஒரு குறை உண்டு. நின்ற நிலையிலிருந்து அதனால் எதையும் இழுக்க முடியாது. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தால்தான் பலம் வரும். அதனால்தான் வண்டி நிற்கும்போதும் சும்மாவேனும் சுற்றிக்கொண்டிருக்கிறது, எரிபொருளைத் தின்றுகொண்டு, ஒன்றுக்கும் பயனில்லாமல். அந்தச் சும்மா ஓட்டத்தை ஒழிப்பது நல்ல காரியம் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அண்ணனுக்கு அது நடந்த அன்று நான், எஞ்சினை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் செல்லில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின் புகைக்குழாய் சிவக்க முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போனில் வள்ளத்து டிரைவர்.

"எஞ்சின் நின்னுட்டு தம்பி. டீசல்ல தண்ணி கலந்துட்டு. அண்ணன் மேல வந்துட்டான். ஆனா கால் வரமாட்டேங்கு."

"எந்தக் கால்?"

"இடது கால். இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சுங்கான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிட்டு இருக்கோம்."

அந்த நேரத்தில் ஒரு தம்பி கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. நான் கேட்டது எஞ்சினியர் கேட்கிற கேள்வி.

"டேங்க்ல காத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு தம்பி. மீட்டர்ல முள்ளு நல்லாத்தான் நின்னுச்சு" என்றார்.

அதன் அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும். எஞ்சின் நின்ற உடனே காற்று நின்றுவிடாது. டேங்கில் அடைத்துவைத்த காற்று கொஞ்ச நேரத்துக்கு வந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் டேங்க். குளியாள் பதறாமல் ஓஸைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று நின்று, மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக ஏறி வரப் போதுமான காற்று அது. ஆழத்தில் உடம்பில் கரைந்த காற்று மெதுவாக வெளியேற அவகாசம் கொடுக்க வேண்டும். ஒரே பாய்ச்சலாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ரத்தத்துக்குள் குமிழி கிளம்பிவிடும். அண்ணன் ஒரே பாய்ச்சலாக வந்திருந்தான்.

"அண்ணன்ட்ட இதச் சொல்லிராதீங்க" என்றேன்.

"நான் என்னத்துக்குச் சொல்லப்போறேன்" என்றார் டிரைவர்.

கடலடி அழுத்தத்தைத் திரும்பக் கொடுத்து மெதுவாகக் குறைக்கிற அழுத்த அறைக்குள் வைத்து அண்ணனுக்குச் சிகிச்சை நடந்தது. உயிருக்கு மோசமில்லை. மரப்பு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, இடது முழங்காலோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே கால் இருக்கிறது, அவன் சொல் கேட்பதில்லை. கையில் ஒரு கம்போடு நடந்தான். இனிமேல் இறங்கினால் மிச்சத்தையும் கடல் எடுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரிந்த ஒருவரின் குடோனில் சங்கைத் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. மற்றவர்கள் எடுத்துவந்த சங்கை, உட்கார்ந்த இடத்திலிருந்து உருட்டிப் பார்த்து, இது முதல் தரம், இது பூச்சி அரித்தது என்று ஒதுக்க வேண்டும். காலையில் மதினி ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவாள், சாயங்காலம் கூட்டிவருவாள். அவன் பின்னால் உட்கார்ந்து, கம்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போவதைத் தெருவே பார்க்கும். பேச்சு குறைந்தது. என்னிடம் கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். நானும் கேட்கமாட்டேன்.

டேங்கில் காற்று இருந்தது என்பது எனக்குள் கிடந்து புழுங்கியது. கடல் அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒருவன் கம்பூன்றி நடந்துவிடலாம். தன் பயமே தன்னை அடித்தது என்று தெரிந்தால் எப்படி நடப்பான்? அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருமுறை, திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் காட்ட அவனை என் காரில் கூட்டிப்போனேன். எங்கள் கம்பெனி வண்டி, எங்கள் குழு வேலை பார்த்த எஞ்சின். வாகைக்குளம் டோல்கேட்டில் வரிசை. வண்டியை நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, மிக அழகாக அணைந்தது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அண்ணன் சீட்டில் இல்லை. கம்பை எடுக்காமலே இறங்கி, கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமில்லை. வாயை அகலத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் சுற்றி ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்தேன். பிறகு அந்தப் பொத்தானை அமுக்கி, நான் செய்த வேலையை நானே நிறுத்திவைத்தேன்.

அதற்குப் பிந்தைய வருடங்களில் எஞ்சின் பிரிவே சுருங்க ஆரம்பித்தது. புதிய எஞ்சின் எதுவும் வரைய வேண்டாம், இருப்பதை விதிமுறைக்குத் தகுந்தபடி திருத்தினால் போதும் என்று மேலிருந்து சொன்னார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பேட்டரி, மோட்டார் என்று புதுப் பிரிவு வந்தது. அங்கே எல்லாரும் சின்ன வயசு. சத்தமே இல்லாத ஆய்வுக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு எஞ்சினைச் சரியாக மூச்சுவிட வைக்க நாங்கள் வருடக்கணக்காகப் பட்டபாட்டை, நாலு காந்தமும் கொஞ்சம் செம்புக் கம்பியும் சுலபமாகச் செய்துவிட்டுப் போகின்றன. மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழுப் பலம் உண்டு. சும்மா ஓட வேண்டிய தேவையே இல்லை. எஞ்சினுக்கு நிற்பதும் சாவதும் ஒன்று. மோட்டார் நிற்கும், ஆனால் சாகாது. எங்கள் குழு செய்துவந்த வேலைக்கு இனி அர்த்தமே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. நானும் மோட்டார் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தூத்துக்குடியிலும் அந்தக் காற்று அடித்தது. துறைமுகத்துச் சாலையில் ராட்சதக் காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஊர்ந்தன. மின்சாரக் கார் தொழிற்சாலை வந்துவிட்டது, ஹைட்ரஜன் வரப்போகிறது என்று டீக்கடையில் பேசினார்கள். இவற்றில் எது நிலைக்கும் எது போகும் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். கார் கம்பெனியில் வேலை பார்ப்பவன் இப்படிச் சொல்வதை அவர்கள் ரசிக்கவில்லை.

மதினிதான் அதை முதலில் யோசித்தாள். கப்பலிலிருந்து இறங்குகிற மாலுமிகளைத் துறைமுக வாசலில் ஏற்றி விமானநிலையத்தில் விடுகிற ஏஜென்சி ஒன்று, மின்சாரக் கார்களாக வாங்கிவிட்டிருந்தது. டிரைவர் தேடுகிறார்கள் என்று அவளுக்குத் தகவல் வந்திருக்கிறது. அவள் எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, அந்த வண்டியில கிளட்ச் கிடையாதாமே?"

"கிடையாது மதினி."

"அப்பம் இடது காலுக்கு வேலையே இல்லியே."

இத்தனை வருடம் அந்தத் துறையிலேயே கிடக்கிறவன் நான். எனக்கு இது தோன்றவில்லை. அண்ணன் கடலுக்குப் போகாத பருவங்களில் வேன் ஓட்டியவன், நல்ல டிரைவர். வலது கால் முழுசாக இருக்கிறது. முறைப்படி டாக்டர் பார்த்து, மோட்டார் வாகன ஆய்வாளர் ஓட்டச்சொல்லிப் பார்த்து, கிளட்ச் இல்லாத இரண்டு பெடல் வண்டிதான் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இனி ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார வேண்டாம். மதினி குரலில் எனக்குக் கேட்டது அதுதான். எனக்கு வேறொன்றும் தோன்றியது. அவன் காலால் ஓட்ட முடிந்து, வேலையும் கிடைக்கிற ஒரே வண்டி, அவன் காதால் தாங்க முடியாத வண்டி. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த சமயத்தில் எனக்கே ஒரு மின்சாரக் கார் இருந்தது. லீவு போட்டுவிட்டு அதை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். உப்பளங்களுக்கு நடுவே போகிற நேர்சாலையில், காலை வெயிலில் பழக ஆரம்பித்தோம். அண்ணன் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, பொத்தானை அமுக்கினான். காத்திருந்தான்.

"ஸ்டார்ட் ஆகலியே."

"ஆயிட்டுண்ணே."

"பொய் சொல்லாத."

"பிரேக்குலருந்து காலை எடுத்துப் பாரு."

வண்டி நகர்ந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். வலது காலை மெல்ல அழுத்தினான், வண்டி இழுத்துக்கொண்டு பாய்ந்தது. கியர் இல்லை, திணறல் இல்லை. பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டயர் தார்ச்சாலையில் உரசுகிற சத்தமும் காற்றுச் சத்தமும் ஏறின. கடலுக்குப் போய்விட்டு நிறையச் சங்கோடு வருகிற நாட்களில் அவனுக்கு ஒரு முகம் உண்டு. பல வருடங்கழித்து அதைப் பார்த்தேன்.

வண்டி போகிறவரை சிக்கலே இல்லை. நின்றால்தான். முழுசாக நின்றதும் அவன் நெஞ்சு அசைவது நின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான், அவனுக்கே தெரியாது. நெற்றியில் வேர்வை கட்டும். இரண்டொரு நாளில் அவனே ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். இந்த வண்டிகள் மிக மெதுவாகப் போகும்போது, நடந்துபோகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் ஒரு முனகல் சத்தம் விடும். வண்டி முழுசாக நின்றால் அந்தச் சத்தமும் நிற்கும். அதனால் அண்ணன் முழுசாக நிறுத்துவதையே விட்டுவிட்டான். சிக்னலில், திருப்பத்தில், எங்கேயும் பிரேக்கை லேசாக விட்டுவிட்டு, அரை அடி, கால் அடி என்று வண்டியை ஊர்ந்துகொண்டே வைத்திருப்பான். முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். முன்னால் நிற்கிற வண்டிக்குச் சற்றுத் தள்ளியே வந்து, மிச்ச தூரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகச் செலவழிப்பான்.

நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஏஜென்சியில் ஓட்டிப்பார்க்கக் கூப்பிட்ட நாளில் பின்சீட்டில் நானும் இருந்தேன். அவர்கள் ஆள் ஒருவர் முன்னால் உட்கார்ந்தார். ஊருக்குள் நன்றாகவே ஓட்டினான். துறைமுக வாசலுக்குப் போகிற சாலையில் வரிசை நின்றது. முன்னால் ஒரு உப்பு லாரி. அண்ணன் ஊர ஆரம்பித்தான். லாரி நகரவில்லை. இடைவெளி தீர்ந்துகொண்டே வந்தது. நான் "அண்ணே" என்றேன். அவன் கேட்கவில்லை, முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தான். பம்பர் லாரியின் பின்னால் போய் மெதுவாக இடித்து நின்றது. ஒரு கீறல், அவ்வளவுதான். லாரிக்காரர் இறங்கிக்கூட வரவில்லை.

ஏஜென்சிக்காரர் மரியாதையானவர். "வண்டி நல்லா ஓட்டுதீங்க அண்ணாச்சி. நிக்க மட்டும் பழகிட்டு வாங்க. இன்னொரு தடவை பாப்போம்" என்றார். அண்ணன் சரி என்று தலையாட்டினான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான்தான் ஓட்டினேன்.

மதினி அழவில்லை, திட்டவும் இல்லை. சோற்றைப் போட்டுவைத்துவிட்டு, "நாளைக்குக் குடோனுக்கு எப்பவும்போலப் போவோம்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

சிக்கல் என்று ஒன்று வந்தால் அதற்கு ஒரு பாகத்தைக் கண்டுபிடித்துப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. அதையே செய்தேன். பழைய பிரிவில் நாங்கள் பதிவுசெய்து வைத்திருந்த டீசல் எஞ்சின் சத்தங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, போனில் போட்டு, காரின் ஸ்பீக்கரோடு இணைத்தேன். சும்மா ஓடுகிற டீசல், சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல். வண்டியை நிறுத்திவைத்து அவனைக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தோள் தளர்ந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"இது வண்டியோட சத்தமாலே?" என்றான்.

"இல்ல, போன்ல ஓடுது."

"வண்டி செத்துப்போனா இது நிக்குமா?"

"நிக்காது. அதுபாட்டுக்கு ஓடும்."

கண்ணைத் திறந்தான். "அப்பம் அதை நிறுத்து. இது சத்தமே இல்லாதத விட மோசம்லே."

எனக்குக் கோபம் வந்தது. இதற்குமேல் என்னதான் செய்வது, நீதான் பிடிவாதம் பிடிக்கிறாய், கால் போனது போதாதென்று மனசையும் முடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றெல்லாம் கத்தினேன். அவன் போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கம்பை ஊன்றி உள்ளே போய்விட்டான்.

லீவு முடிந்து நான் கிளம்ப வேண்டிய நாளில், அவனாகவே கார்ச் சாவியைக் கேட்டான். மாதா கோவில்வரைக்கும் போய்விட்டு வருவோம் என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகும் வழியில் ரயில்வே கேட் சாத்திவிட்டார்கள். எங்கள் வண்டிதான் முதலில். முன்னால் ஊர இடமில்லை. பூட்டிய கம்பிதான் இருந்தது.

அண்ணன் பிரேக்கை முழுசாக மிதித்தான். முனகல் நின்றது. சுற்றிலும் பைக்கில் வந்தவர்கள் ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய ரயில் வந்து, கேட்டுக்கு முன்னால் மெதுவாகப் போக ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாக, முடிகிற பாடாக இல்லை. நான் அவனைப் பார்க்காமல் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசினால் கெட்டுவிடும் என்று பயம்.

"காத்து இருந்துச்சுலே" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னைக்கு. எஞ்சின் நின்ன பொறவும் வாயில காத்து வந்துட்டுதான் இருந்துச்சு. நல்ல காத்து. ரெண்டு மூணு இழுப்பு இழுத்தேன். வருதுன்னு தெரியும். டேங்க்ல இருக்கும்னும் தெரியும். தெரிஞ்சும் பாஞ்சேன்."

கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. கண் ரயில் மேல்.

"காத்து இல்லாமப் பயந்தா அது நியாயம். நான் சத்தம் இல்லாமப் பயந்துட்டேன். மேல யாருமே இல்லன்னு தோணிட்டு. எல்லாரும் என்னய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. ஒரு குளியாள் இத எவன்ட்டப் போய்ச் சொல்லுவான்?"

"எனக்குத் தெரியும்ணே" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். "என்ன தெரியும்?"

"டேங்க்ல காத்து இருந்தது. அன்னைக்கே போன்ல டிரைவர்ட்ட கேட்டேன்."

"அன்னைக்கேயா?"

"ஆமா. உனக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேன்."

இத்தனை வருடமும் ஒரே விஷயத்தை அவன் என்னிடமிருந்தும் நான் அவனிடமிருந்தும் மறைத்துக்கொண்டு, நான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ சொல்லாத. நான் சொல்லுதேன்."

கடைசிப் பெட்டி போனது. கேட் ஏற ஆரம்பித்தது. சுற்றிலும் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் உறுமின. அண்ணன் அவசரப்படவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், அந்தச் சத்தமில்லாத வண்டிக்குள் உட்கார்ந்தபடி ஒருமுறை நெஞ்சு நிறைய இழுத்து, முழுசாக வெளியே விட்டான். இன்னொருமுறை இழுத்து விட்டான். பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"நிக்கும்போதும் மூச்சு விடணும்லே" என்றான், என்னிடம் இல்லை, தனக்கே. "அவ்வளவுதான்."

பிறகு வண்டியை எடுத்தான்.